பன்னிரண்டு மணிக் கடையின் இன்சுக் அக்கா

செய்தி வந்தபோது முற்பகல் பதினொன்று ஐம்பத்திரண்டு. நேற்று, வியாழக்கிழமை. சியூ அம்மா, ஜிஆன் அம்மா, நான் மூன்று பேரும் பெரிய சாலையில் உள்ள புதுக் காபிக்கடையின் மாடியில் உட்கார்ந்திருந்தோம். மூவரின் கைப்பேசிகளும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. என்னுடையது மட்டும் அதிர்ந்தது.

திரையில் "இன்சுக் அக்கா" என்று தெரிந்தது. இரண்டு வருடமாக அந்தப் பெயர் என் திரையில் வந்ததில்லை. திறந்தேன். "என் தாயார் பெக் இன்சுக் இன்று காலை காலமானார்" என்று தொடங்கி, மருத்துவமனை அஞ்சலிக்கூடத்தின் அறை எண், உடல் எடுக்கும் நேரம் எல்லாம் இருந்தன. அவருடைய கைப்பேசியிலிருந்தே மகன், அதில் உள்ள எல்லா எண்களுக்கும் அனுப்பியிருக்கிறான். அப்படியானால் அக்கா என் எண்ணை அழிக்கவில்லை.

"யாரு? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?" என்றாள் ஜிஆன் அம்மா.

"தெரிஞ்சவங்க ஒருத்தர் தவறிட்டாங்க. பின்வாசல் கடைக்காரங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சியூ அம்மா உறிஞ்சுகுழலால் ஐஸைக் கிண்டினாள். எங்களில் மூத்தவள் அவள். "அந்தக் கத்தற பொம்பளையா? பாவம்தான். ஆனா நீ போகணும்னு ஒண்ணுமில்ல. உனக்கும் உன் பொண்ணு ஹாயூலுக்கும் அது பண்ணினதுக்கு யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டாங்க."

அவர் எங்களுக்கு எதுவும் பண்ணவில்லை. இதைச் சொல்ல எனக்கு நான்கு வார்த்தை போதும். அந்த நேரம் பார்த்து, கல்லாவில் தந்த, என் கையிலிருந்த எண் போட்ட வட்டு, என் காபி தயார் என்று அதிரத் தொடங்கியது. எழுந்து கீழே போனேன். திரும்பி வந்தபோது அவர்கள் பற்சீரமைப்பு மருத்துவர் ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் அதில் சேர்ந்துகொண்டேன்.

இன்சுக் அக்கா குன்சான் துறைமுகத்துக்கு எதிரே உள்ள ஒரு தீவில் பிறந்தவர். வீட்டில் நெத்திலி காயப்போடும் தொழில். பதினேழு வயதில் ஊருக்குள் வந்து மீன் பண்டத் தொழிற்சாலையில் சேர்ந்தார். லாரி ஓட்டுபவர் ஒருவரைக் கட்டிக்கொண்டார். மகன் கியூசிக்குக்கு ஆறு வயதானபோது கணவர் விபத்தில் போய்விட்டார். அதன்பிறகு பள்ளிக்கூடச் சமையலறை, பத்தொன்பது வருடம். தொள்ளாயிரம் பிள்ளைகளுக்கு ஏழு பெண்கள் சமைத்தார்கள். முழங்கால்வரை ரப்பர் காலணி, மண்வெட்டி நீளத்துக்குச் சோற்றுக் கரண்டி. பொரிக்கும் நாட்களில் எதிரே நிற்பவர் முகம் தெரியாத அளவுக்கு எண்ணெய்ப் புகை. அந்தப் புகைதான் கடைசியில் நுரையீரலில் தங்கிவிட்டது.

ஐம்பத்தோராவது வயதில் அங்கிருந்து வெளியே வந்து, எங்கள் அடுக்ககத்தின் பின்வாசலில் ஏழு மேசை போட்டு ஒரு காபிக்கடை திறந்தார். "பன்னிரண்டு மணி" என்று பெயர். பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, நள்ளிரவுவரை திறந்திருக்குமா என்று கேட்டவர்கள் உண்டு. "இல்லப்பா. பத்தொம்பது வருஷம் பகல் பன்னண்டு மணிக்கு நான் உக்காந்ததே இல்ல. இப்ப உக்காரப் போறேன். அதான் பேரு" என்பார்.

சொன்னபடியே செய்தார். பகல் பன்னிரண்டு அடித்ததும் முன்துணியைக் கழற்றிவிட்டு, தன் காபியோடு கதவோரத்து நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்காருவார். அந்த ஐந்து நிமிடம் யாருக்கும் எதுவும் கிடைக்காது. அலுவலகச் சாப்பாட்டு நேரத்தில், கூட்டம் வாசலைத் தாண்டி நிற்கும்போது, எந்தக் கடைக்காரராவது இப்படிச் செய்வாரா? பழகியவர்கள் காத்திருந்தார்கள். பழகாதவர்கள் முனகிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்கள்.

அதிரும் வட்டெல்லாம் அவரிடம் கிடையாது. குரல்தான். பெரிய காற்றாடிகளும் ஆவியும் இரையும் அறையில் பத்தொன்பது வருடம் பேசிப் பழகிய குரல் அது. ஏழு மேசைக் கடைக்குள் அந்தக் குரல் கிளம்பினால் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் காதுக்குழாயைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள்.

"ஹாயூல் அம்மா! உன் ஐஸு! வெளிய மைனஸ் பதினொண்ணு, இதுல உனக்கு ஐஸா? சாகும்போதும் ஐஸக் கடிச்சுக்கிட்டேதான் சாவியா?"

"சூடா குடிச்சா ருசியே இல்ல அக்கா."

"ருசியில்லையாம்! பல்லு போனப்புறம் வா, கஞ்சி காய்ச்சித் தரேன்."

ஆளுக்கு ஒரு பானம் வாங்கவேண்டும் என்று எழுதி ஒட்டியிருந்தார். நாங்கள் ஐந்து அம்மாக்கள் மூன்று காபி சொல்லிவிட்டு, இரண்டு காலிக் கோப்பை கேட்போம். அந்த இரண்டிலும் வாற்கோதுமைத் தேநீர் நிரப்பிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, "எழுதி ஒட்டினது எனக்கே படிக்கத் தெரியல போல" என்பார்.

நான் ஜோன்ஜுவிலிருந்து வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவள். ஹாயூல் பிறந்தபோது எனக்கு இந்த ஊரில் யாரையும் தெரியாது. கணவருக்கு இரவு வேலை. மூன்று மாதக் குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு, பேச்சுக்குரல் கேட்டால் போதும் என்றுதான் அந்தக் கடைக்குப் போனேன். அக்கா என்னையும் என் கண்ணையும் பார்த்தார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, "கொடுங்க இப்படி" என்று குழந்தையை வாங்கிக்கொண்டார். "சூடா இருக்கும்போதே குடிங்க. அவசரப்படாதீங்க." பிள்ளை பெற்ற பிறகு ஆறாமல் நான் குடித்த முதல் காபி அதுதான். அன்றைக்குத்தான், "நான் சின்னவதானே, நீன்னே சொல்லுங்க அக்கா" என்று கேட்டேன். அதன்பிறகு எனக்கு மட்டும் "நீ". மற்ற அம்மாக்களுக்கு எப்போதும் "நீங்க".

இரண்டு வருடம் முன்னால், நவம்பரில், பாலர் பள்ளியில் காய்ச்சல் பரவி ஒரு வாரம் மூடிவிட்டார்கள். நான்கு வயது ஹாயூலையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருந்தேன். நாங்கள் ஐந்து பேர் ஒரு ஆசிரியையைப் பற்றி மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தோம். நான் கல்லாப் பக்கத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.

"சுடும்!"

கடையே அதிர்ந்தது. அதோடு ஹாயூலின் அலறல். திரும்பிப் பார்த்தால், அக்கா என் மகளின் மேல்கையைப் பிடித்துத் தூக்காத குறையாக இழுத்துக்கொண்டு நிற்கிறார். கையில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. நான் ஓடிப்போய்க் குழந்தையை வாங்கினேன். அக்காவுக்கு உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. பயத்தில்தான் என்று இப்போது தெரிகிறது.

"கொழந்தைய விட்டுட்டு அப்படி என்னடி பேச்சு உனக்கு?"

எல்லார் முன்னாலும். சியூ அம்மா தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டாள். அவள் பார்வையை விலக்கியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்ன நடந்தது என்று நான் கேட்கவே இல்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

எங்கள் வட்டாரத்து அம்மாக்களுக்கு ஓர் இணையக் குழு உண்டு. பதினோராயிரம் பேர். எந்தக் குழந்தை மருத்துவர் நல்லவர், எந்தக் கடையில் பால் புளித்திருந்தது, எல்லாம் அதில்தான். ஒரு கடையைக் குறை சொல்லும்போது பெயரை முழுதாக எழுதமாட்டோம். வழக்குப் போட்டுவிடுவார்கள். முதல் எழுத்துகளை மட்டும் போட்டு, இடம் இன்னதென்று கொஞ்சம் குறிப்புக் காட்டுவோம். ஐந்து நிமிடத்தில் எல்லாருக்கும் புரிந்துவிடும். நானும் அன்று மாலை அப்படித்தான் எழுதினேன். "ப - ம கடை, பின்வாசல் பக்கம்." மொழி இலக்கியம் படித்தவள் நான். நன்றாக எழுதியிருந்தேன், அதுதான் கேடு. குழந்தை தூக்கத்திலும் கையைப் பிடித்துக்கொண்டு விசும்புகிறாள் என்று முடித்திருந்தேன். அவள் விசும்பவில்லை, உருண்டு புரண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். சிவந்த கையின் படத்தையும் சேர்த்தேன்.

இருநூற்றுச் சொச்சம் மறுமொழிகள். அடித்தாளா, கிள்ளினாளா என்று கேட்டவர்களுக்கு நான் பதில் எழுதவில்லை. ஆகவே அடித்தாள் என்றே ஆகிவிட்டது. இரண்டாம் நாள் ஒருத்தி, அந்தப் பெண் முன்பு பள்ளிச் சமையலறையில் இருந்தவள் என்று கண்டுபிடித்து எழுதினாள். "இவளா நம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள்?" அதற்குக் கீழேயே எழுபது மறுமொழிகள்.

நான்காம் நாள் அக்காவிடமிருந்து செய்தி வந்தது. "ஹாயூல் கை எப்படி இருக்கு?" அதோடு, கடைக் கேமராவில் பதிந்த இருபத்திரண்டு நொடிக் காட்சி. ஹாயூல் கல்லாவின் கீழ்க்கதவுக்குள் நுழைகிறாள். சிறு அடுப்பில் இலந்தைத் தேநீர்ப் பானை கொதிக்கிறது. அவள் எக்கி அதன் கைப்பிடியைத் தொடுகிறாள். பானை சாய்கிறது. அக்கா பாய்ந்து வருகிறார். காட்சி முழுக்க, ஓரத்தில் என் முதுகு. கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் கடைக்குப் போனேன். காலை பதினொரு மணி. ஏழு மேசையும் காலி. அக்காவின் இடது முன்கையில் கட்டுப் போட்டிருந்தது. சாய்ந்த பானை அவர்மேல்தான் கொட்டியிருக்கிறது. அதுவும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"உக்காருங்க" என்றார். நீங்க.

"அக்கா, எனக்குத் தெரியாது அக்கா. சத்தியமா..."

"கியூசிக் இத எல்லாரும் பாக்கற மாதிரி போடணும்னு குதிக்கறான். போலீசுக்குப் போறேங்கறான். நான் வேணாம்னுட்டேன். போட்டா உங்க முதுகுதான் தெரியும். ஊரே உங்கள, நீயெல்லாம் ஒரு அம்மாவான்னு கேக்கும். கொழந்தைய வளக்கறவளுக்கு அந்தப் பேச்சு ஆகாது."

நான் அழுதேன். அவர் அழவில்லை. மெல்லிய தாள் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

"கத்தினது நெசம். இழுத்ததும் நெசம். சமையக்கட்டுல கொதிக்கறது பக்கத்துல வந்தா, தள்ளி நில்லுங்கன்னு சொல்லிக்கிட்டு நிக்க முடியாது. கத்தணும், இழுக்கணும். அப்படியே பழகிடுச்சு. ஆனா நான் அடிக்கல. பத்தொம்பது வருஷத்துல ஒரு கொழந்த மேலயும் என் கை பட்டதில்ல. அதை மட்டும் ஒரு வரி எழுதிடுங்க. வேற ஒண்ணும் வேணாம். கட கெடக்கு."

"எழுதறேன் அக்கா. இன்னிக்கே எழுதறேன்."

அன்று பதிவை எடுத்துவிட்டேன். எடுத்த பத்தாவது நிமிடத்தில் சியூ அம்மா கூப்பிட்டாள். "ஏன் எடுத்துட்ட? மிரட்டினாளா?"

"அப்படித்தான்னு வச்சுக்கோங்களேன் அக்கா" என்றேன்.

பதிவை எழுதியதைக்கூடக் கோபத்தில் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த வாக்கியத்தைக் கோபமில்லாமல், வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, நிதானமாகச் சொன்னேன். அன்று மாலைக்குள் குழுவில் அதுவும் பரவிவிட்டது.

பத்து நாள் கழித்து அக்காவின் கடைசிச் செய்தி வந்தது. "நேரம் கிடைக்கும்போது எழுதுங்க. அவசரமில்ல." நான் படித்தேன். படித்துவிட்டேன் என்ற அடையாளம் அவருக்குப் போயிருக்கும். பதில் அனுப்பவில்லை. மறுநாளிலிருந்து முன்வாசல் வழியாகவே வெளியே போய்வந்தேன். பேருந்து நிறுத்தத்துக்கு அது சுற்று வழி. இரண்டு வருடம் அப்படித்தான் நடந்தேன். மழையிலும்.

நேற்று மாலை ஆறு மணிக்குக் கறுப்பு உடை உடுத்திக்கொண்டு அஞ்சலிக்கூடத்துக்குப் போனேன். படத்தில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தார், முன்துணியோடு. வெள்ளைச் செவ்வந்தி ஒன்றை வைத்து இரண்டு முறை விழுந்து வணங்கினேன். கையில் துக்கப்பட்டை கட்டியிருந்த கியூசிக்கும் நானும் எதிரெதிரே ஒரு முறை வணங்கிக்கொண்டோம். அவனுக்கு என்னைத் தெரியவில்லை. அப்படியே செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விடலாம் என்றிருந்தேன். "சாப்பிடாம எங்க போற?" என்று ஒரு பெண் என் தோளைப் பிடித்து அமர்த்தினாள்.

அந்தக் கூடத்தில் மூன்று பெண்கள் மற்ற எல்லாரையும்விடச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பள்ளிச் சமையலறையில் அக்காவோடு இருந்தவர்கள். கூலிக்குப் பரிமாற வந்தவர்களை ஓரமாக நிற்கவைத்துவிட்டுத் தாங்களே சிவந்த மாட்டிறைச்சிச் சூப்பைக் கிண்ணம் கிண்ணமாக எடுத்து வந்தார்கள்.

"இன்சுக் இருந்தா இந்தச் சூப்பைத் தூக்கி ஊத்திட்டு மறுபடி வச்சிருப்பா."

"ஊத்துவாளா? நம்மளக் குடிக்க வச்சிருப்பா!"

மூன்று பேரும் சிரித்தார்கள். ஒருத்தி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். தீவுக்காரி, படகில் மட்டும் வாந்தி எடுப்பாள் என்றாள் இன்னொருத்தி. சோறு வாங்க வரும் வரிசையில் அழுகிற பிள்ளை இருந்தால் அதன் தட்டில் மட்டும் ஒரு இறைச்சி உருண்டை கூடுதலாக விழுமாம். மேற்பார்வையாளர் கேட்டால், கரண்டி வழுக்கிடுச்சு என்பாராம்.

தண்ணீர் எடுக்கலாம் என்று எழுந்தேன். பின்னால் ஒருத்தி தட்டு நிறையக் கொதிக்கும் சூப்போடு வந்துகொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை.

"சுடும்!"

அடுத்த கணம், பக்கத்திலிருந்தவள் என் மேல்கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்துவிட்டாள். தட்டு என்னைத் தாண்டிப் போனது. வலித்தது. கையைத் தேய்த்துக்கொண்டேன்.

"பயந்துட்டியா தங்கச்சி? தப்பா எடுத்துக்காதே. எங்க புத்தி அப்படி. மொதல்ல இழுப்போம், அப்புறந்தான் பேசுவோம். இன்சுக்கும் இப்படித்தான். நாங்கெல்லாம் அவகிட்ட கத்துக்கிட்டதுதான்."

தெரியும் என்று சொன்னேன். அவள் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கியூசிக் ஒவ்வொரு மேசையாக வந்து, என் மேசையிலும் உட்கார்ந்தான். முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். அக்காவின் தாடை.

"அம்மாவை எப்படித் தெரியும்ங்க?"

"கடைக்கு வருவேன். நான்... ஹாயூலோட அம்மா."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். எழுந்து போகச் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவன் இரண்டு கையையும் தொடைமேல் வைத்துத் தலைகுனிந்தான்.

"உங்களப் பாக்கணும்னு இருந்தேன். அப்ப நான் ரொம்பக் கோவமா இருந்தேன். கேஸ் போட எல்லாம் தயார் பண்ணிட்டேன். அம்மாதான், 'அந்தப் பொண்ணு எழுதிடுச்சுடா. பெருசா, நல்லா எழுதியிருக்கு. எல்லாரும் படிச்சுட்டு வருத்தப்பட்டாங்க. விட்டுடு'ன்னாங்க. ஆம்பளைங்கள அந்தக் குழுவுல சேக்க மாட்டாங்களே, அதனால நான் படிக்கல. தப்புன்னு ஒத்துக்கிட்டு எழுதறவங்க எத்தன பேரு இருக்காங்க? ரொம்ப நன்றிங்க."

"இல்லைங்க, நான்..." என்று தொடங்கினேன்.

"இல்ல இல்ல, பெரிய விஷயங்க அது. அம்மா கடைசில மருத்துவமனைலகூடச் சொன்னாங்க, ஹாயூல் அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் போகும்னு." அவன் சூப் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினான். தாள் பெட்டியை நகர்த்திய அதே அசைவு. "ஒரு உதவி கேக்கலாங்களா? நீங்க எழுதினது இன்னும் இருந்தா எனக்கு அனுப்பறீங்களா? நாளன்னிக்கி காலைல எடுக்கறதுக்கு முன்னாடி அம்மாவோட வச்சு அனுப்பலாம்னு."

சொல்வதற்கு இடம் இருந்தது. அடுத்த மேசையிலிருந்து அவனைக் கூப்பிடும்வரை ஒரு நிமிடமாவது இருந்திருக்கும்.

"தேடிப் பாக்கறேன்" என்றேன்.

சூப்பை மிச்சம் வைக்காமல் குடித்தேன். வீட்டுக்குப் பின்வாசல் வழியாக வந்தேன். கடையில் விளக்கு இல்லை. பலகை மட்டும் தெரிந்தது. அந்த அமளிக்குப் பிறகு ஊரில் எத்தனையோ கடைகள் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை என்று எழுதி ஒட்டின. அக்காவின் கதவில் அப்படி எதுவும் இல்லை. கண்ணாடி வழியாகக் கல்லாவின் கீழ்க்கதவு தெரிந்தது. அதற்குப் புதிதாக ஒரு தாழ்ப்பாள் போட்டிருந்தார்.

இன்று பகலில் இரண்டு முறை கியூசிக்குக்கு எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். குழுவில் இன்று எழுதினால் இன்றைய தேதிதான் விழும். அவன் தாய் அவனிடம் சொன்னது பொய் என்று, அவரை எடுக்கும் நாளில், என் மூலமாக அவனுக்குத் தெரியவரும். எழுதாவிட்டால், அடித்தவள் என்ற பெயரோடு அவர் போவார். எனக்காகச் சொன்ன அந்தப் பொய்யையும் சேர்த்துத்தான் எடுத்துப் போவார். இதோ, இந்தப் பக்கங்களை மட்டும் மணிக்கணக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

உடலை நாளைக் காலை ஆறரைக்கு எடுக்கிறார்கள். குழுவின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். என் பெயரில் முடிக்காத வரைவு ஒன்று இருக்கிறது. அதன் தேதி இரண்டு வருடம் முந்தைய நவம்பர், நான் கடைக்குப் போய் அழுதுவிட்டு வந்த நாள். அதில் இருப்பது இவ்வளவுதான்: "பன்னிரண்டு மணி காபிக்கடையின் முதலாளி பெக் இன்சுக் என் குழந்தையை".